பொட்டலம் கட்டிய கணக்குகள்

எனக்குக் கணக்கு பிறவியிலேயே வந்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரவில்லை ஐயா, வரவே இல்லை. கால்குலஸ் தேர்வில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கியவள் நான். அடுத்த வாரம் பதினொன்று. பிறவி வரம் என்பதெல்லாம் படிக்காமல் தப்பிக்கிறவர்கள் கண்டுபிடித்த சாக்கு. நான் உட்கார்ந்து பட்ட பாட்டை வரம் என்று சொல்லி யாரும் தட்டிப் பறிக்க வேண்டாம். எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பினாங்குத் தீவில் சுங்கை பினாங்குப் பகுதியில் குடியிருந்தோம். அப்பா டிராம் டிப்போவில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று நாள் முழுக்க எழுதுவது அவர் வேலை. நான் பெண்கள் பள்ளியில் சீனியர் பரீட்சை தேறியிருந்தேன். அதற்கு மேல் படிக்க ஜார்ஜ்டவுனில் ஒரே ஒரு வகுப்புதான், அதுவும் ஆண்கள் பள்ளியில். சிங்கப்பூருக்குக் கல்லூரிப் படிப்புக்குப் போக நினைக்கிறவர்களைத் தயார் செய்யும் வகுப்பு அது. ஊரில் அதைக் காலேஜ் வகுப்பு என்பார்கள். இருபத்திரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி தகரப் பட்டறை வைத்திருந்த சீனர் ஒருவரின் மகள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. மலாயும் இங்கிலீஷும் கலந்து எங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தோம்.

கணக்கு மாஸ்டர் வெள்ளைக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெண்கள் அந்த வகுப்புக்கு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. முதல் நாளே எங்கள் இரண்டு பேரையும் கடைசி வரிசையில் கதவோரமாக உட்காரச் சொன்னார். எப்படியும் சீக்கிரம் போய்விடுவீர்கள், போகும்போது மற்றவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்றார். பையன்கள் சிரித்தார்கள். நான் பெஞ்சியில் என் புத்தகத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

புதன்கிழமைதோறும் தேர்வு. ஐந்து கணக்கு, ஐம்பது மார்க். இருபதுக்குக் கீழே தொடர்ந்து மூன்று தடவை வாங்கினால் ரிஜிஸ்டரில் பேரை அடித்துவிடுவார். இது எல்லாருக்கும் பொதுவான சட்டம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு வால் இருந்தது. கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க ஆபீஸ் கிராணிக்கு என்னைப் பெண் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இங்க பாரும்மா. அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. வகுப்புல உன் பேரு இருக்கிற வரைக்கும், பொண்ணு படிக்குதுன்னு நான் பதில் சொல்லிக்கிறேன். பேரை அடிச்சிட்டாங்கன்னா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அந்த மாப்பிள்ளை நல்லவராகவே இருந்திருக்கலாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் கால்குலஸில் தோற்றதற்குத் தண்டனையாக ஒருவரைக் கட்டிக்கொள்வதென்றால், அது அவருக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை. "சரிப்பா, பேரை யாரு அடிக்கிறாங்கன்னு பார்த்துடலாம்" என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "வாயப் பாரு" என்றாள்.

வாய்தான் என்னைக் கவிழ்த்தது. அதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் எல்லாம் முதலில் தமிழ்ப் பள்ளிக்குத்தான் போனோம். அங்கே கணக்கு என்றால் வாய்ப்பாடு. காலையில் வரிசையாக நிற்போம், ஒருத்தர் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்லி, பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ராகம் போட்டே முடிப்போம். அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்கும் தனி வாய்ப்பாடு உண்டு. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வேன். இங்கிலீஷ் பள்ளிக்குப் போன பிறகும் அது கைகொடுத்தது. சீனப் பிள்ளைகள் மணிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து விடை சொல்வதற்குள் நான் வாயால் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

அதே திமிரோடு கால்குலஸுக்கும் போனேன். மாறிக்கொண்டே இருக்கிற ஒரு பொருள் இந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கேட்கிற கணக்கு அது. கேள்வியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் புரிந்துகொள்ளவில்லை, பாட்டாக்கினேன். புத்தகத்தில் செய்துகாட்டியிருந்த கணக்குகளையெல்லாம் எண் வாரியாக, வரி வாரியாக, ராகத்தோடு மனப்பாடம் செய்தேன். கீரை ஆயும்போது எட்டாவது கணக்கு, துணி துவைக்கும்போது பதினான்காவது. அம்மாவுக்கே பாதி பாடமாகிவிட்டது. "எக்ஸ் ஸ்கொயர் போனா டூ எக்ஸ்" என்று அவளும் அடுப்படியில் முணுமுணுப்பாள். ஏதோ பஜனைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

புத்தகத்தில் ஓர் ஏணிக் கணக்கு இருந்தது. சுவரில் சாய்த்த இருபத்தைந்து அடி ஏணி. அதன் அடிப்பாகம் சுவரிலிருந்து ஏழு அடி தள்ளி இருக்கிறது. நொடிக்கு இரண்டு அடி வெளியே இழுத்தால் ஏணியின் நுனி எவ்வளவு வேகமாக இறங்கும்? நொடிக்குப் பன்னிரண்டில் ஏழு பங்கு அடி. இதை நான் எத்தனை தடவை பாடியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதல் தேர்வில் ஏணி வந்தது. ஆனால் மாஸ்டர் கொடுத்த ஏணி பதின்மூன்று அடி. நுனி இறங்கும் வேகத்தை அவரே சொல்லிவிட்டு, அடிப்பாகம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கேட்டிருந்தார். நான் எங்கே அதையெல்லாம் படித்தேன்? ஏணி என்ற சொல்லைப் பார்த்தேன், பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. இருபத்தைந்து, ஏழு, இருபத்துநான்கு என்று புத்தகத்து ஏணியைக் கொண்டுவந்து சாய்த்துவிட்டு, நாற்பதுக்குக் குறையாது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒன்பது வந்தது. தாளில் சிவப்பு மையில், 'இது யாருடைய ஏணி?' என்று எழுதியிருந்தார். எழுதியது போதாதென்று வகுப்பில் வாசித்தும் காட்டினார். பையன்கள் பெஞ்சியைத் தட்டிச் சிரித்தார்கள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

ஆத்திரத்தில் என்ன செய்தேன்? இன்னும் பதினைந்து கணக்கை மனப்பாடம் செய்தேன். அரைத்த மாவையே இன்னும் வேகமாக அரைத்தேன். இரண்டாவது புதன்கிழமை பதினொன்று. பக்கத்தில் இருந்த என் சீனத் தோழி இருபத்தாறு வாங்கித் தப்பித்துவிட்டாள். இன்னும் ஒரு தடவை சறுக்கினால் என் பேர் போய்விடும். நல்ல வேளையாக அந்த வாரத்தோடு பள்ளிக்கு மூன்று வாரம் விடுமுறை விட்டார்கள். மூன்றாவது தேர்வு விடுமுறை முடிந்து வரும் முதல் புதன்கிழமை.

சனிக்கிழமை காலையில் அம்மா தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் வைத்து, வித்தியாசம் தெரியாமல் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். எதில் எது என்று அறியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம் என்று அம்மா நினைத்திருக்கிறாள். செவ்வரளி வந்தது.

"அம்மனே சொல்லிட்டா" என்றாள்.

"அம்மனுக்குக் கால்குலஸ் தெரியுமா" என்று கேட்டேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. வாங்கிக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். என் தலையெழுத்தை ஓர் இலைப் பொட்டலத்தில் கட்டிப்போட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாளே என்று எரிச்சல் தாங்கவில்லை. சாமியோடு சண்டை போட முடியாது, அம்மாவோடும் போட முடியாது. அந்தப் பொட்டலத்தோடாவது சண்டை போடலாம் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலத்தை எடுத்தவருக்கு உள்ளே என்ன பூ என்று தெரியாது. தெரிந்திருந்தால் அம்மாவே அதை நம்பியிருக்க மாட்டாள். அவிழ்த்துப் பார்க்கும்வரை எதுவாகவும் இருக்கலாம். தேர்வுத் தாளும் அப்படித்தானே இருக்கிறது என்று தோன்றியது. அது என்ன கணக்கு, எந்தப் பாடத்துக் கணக்கு என்று தாளில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் நான் வீட்டில் எப்படிப் படித்தேன்? ஏணிப் பாடத்தைத் திறந்தால் எல்லாம் ஏணி. பெரியது எது, சிறியது எது என்ற பாடத்தைத் திறந்தால் எல்லாம் பெரியதும் சிறியதும்தான். என்ன பூ என்று வெளியே எழுதி வைத்த பொட்டலத்தையே அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அட முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே ஆரம்பித்தேன். அப்பா டிப்போவிலிருந்து பழைய டைம் ஷீட்டுகளைக் கொண்டுவருவார், ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும். அதைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, புத்தகத்தின் கடைசியில் இருந்த பயிற்சிக் கணக்குகளை ஒரு சீட்டுக்கு ஒன்று என்று எழுதினேன். கேள்வி மட்டும். பாடத்தின் பேர் கிடையாது, எண் கிடையாது, விடை கிடையாது. எல்லாப் பாடத்திலிருந்தும் எடுத்தேன், எனக்குப் பிடிக்காத பாடத்திலிருந்து இரண்டு மடங்கு எடுத்தேன். ஒரே அளவில் மடித்து ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கினேன். தோழியிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். பிறகு அவளும் நாற்பது சீட்டு எழுதிக்கொண்டு வந்து கொட்டினாள்.

தினமும் காலையில் வீட்டு வேலை முடிந்ததும் ஐந்து சீட்டை எடுப்பேன். புத்தகம் அலமாரியில் பூட்டி இருக்கும். சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அழுதாலும் கொடுக்காதே என்று சொல்லி. எங்கள் வீட்டுக்கு முன்னால் டிராம் போகும். அந்தச் சத்தம்தான் எனக்குக் கடிகாரம். ஒரு டிராம் போய் அடுத்த டிராம் வருவதற்குள் ஒரு கணக்கு. முதல் நாள் ஐந்தில் ஒன்றுகூட வரவில்லை. சீட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு எங்கே தொடுவது என்று தெரியாமல், டிராம் மேல் டிராமாகப் போக, மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தபோது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்ததே, அது எங்கே போயிற்று? அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது தெரிந்தது. ஒன்றும் தெரியாது. மூக்கு உடைந்தது. ஆனால் தேர்வு அறையில் உடைவதைவிட வீட்டில் உடைவது எவ்வளவோ மேல்.

பாட்டை நிறுத்துவது பெரிய பாடாக இருந்தது. ஏணி என்று கண்டவுடன் நாக்கு துடிக்கும். அதற்கு ஒரு வழி செய்தேன். பென்சிலைத் தொடுவதற்கு முன்னால், எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது, எதைக் கேட்கிறார்கள் என்று மூன்றையும் வாய்விட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை என்றால் கணக்கைத் தொடக் கூடாது. மாவு அரைக்கும்போதெல்லாம் பத்துச் சீட்டை எடுத்து இதை மட்டும் செய்வேன், கணக்குப் போட மாட்டேன். தோழி வருகிற நாளில் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் காட்டுவோம். நான் எங்காவது பூசி மெழுகினால், "சாலா லா" என்று நிறுத்திவிடுவாள். சாலா என்றால் தப்பு.  ஏன் தப்பு என்று நான் பதில் சொல்லும்வரை விட மாட்டாள், நானும் அவளை விட்டதில்லை.

தப்புகளுக்கு என்றே ஒரு நோட்டு வைத்தேன். விடை தப்பு என்று எழுதி என்ன பிரயோஜனம்? ஏன் தப்பு என்று எழுதினேன். கவனக்குறைவு என்று எழுதக் கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டேன், அது நழுவுகிறவர்கள் சொல்லும் சொல். 'பெட்டிக்கு மூடி உண்டா இல்லையா என்று பார்க்கவில்லை.' 'கழித்தல் குறியை இரண்டாம் வரியில் தொலைத்தேன்.' 'கேள்வி கேட்டது வேகம், நான் சொன்னது தூரம்.' இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால், ஐம்பது விதமான தப்பு இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஆறே விதம்தான் இருந்தது. அந்த ஆறையும் மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தேன். ஆறு எதிரிகள்தானே, ஒரு கை பார்த்துவிடலாம் என்று தைரியம் வந்தது. தப்பான சீட்டை மறுபடி மடித்துப் பைக்குள் போட்டேன். சரியான சீட்டையும் போட்டேன், ஒரு தடவை சரியாக வந்ததை நான் நம்பத் தயாராக இல்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் எனக்குக் கையெல்லாம் மாவு. அம்மாவே பைக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தா. இது கொஞ்சம் லேசா இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமத்தானே எடுக்கணும்" என்றாள்.

அறைந்ததைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றிலிருந்து சீட்டை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். ஐந்தில் நான்கு வர ஆரம்பித்திருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் பையைத் தொடவில்லை. தப்பு நோட்டின் அந்த ஆறு வரிகளை மட்டும் படித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் நல்ல மழை. கதவு வழியாகச் சாரல் அடித்து எங்கள் பெஞ்சி நனைந்துவிட்டது. மாஸ்டர் எங்களை முன்னால் வரச் சொல்லி, காலியாக இருந்த இரண்டு இடத்தில் தனித்தனியாக உட்கார வைத்தார். எனக்குக் கிடைத்த இடம் வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பையனுக்கு நேர் பின்னால். நான் அவன் முதுகைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து கணக்கையும் ஐந்து பொட்டலமாக நினைத்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நான்கு முழுசாக வந்தது. ஐந்தாவது பாதியில் நின்றுவிட்டது, நின்ற இடம்வரை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. நாற்பத்தொன்று.

மாஸ்டர் என் தாளை மட்டும் கொடுக்காமல் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். இரண்டு தேர்வில் சேர்த்து இருபது மார்க் வாங்கிய ஒருத்தி, வகுப்பிலேயே கெட்டிக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்த அன்று மட்டும் நாற்பத்தொன்று வாங்குகிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். யாரோ சிரித்தார்கள். பார்த்து எழுதிய தாளுக்குப் பூஜ்யம், பூஜ்யத்தோடு மூன்று தடவை ஆயிற்று என்றார். ரிஜிஸ்டரைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

தேர்வன்று எனக்கு முன்னால் இருந்த அந்தப் பையனைப் பார்த்தேன். நான் பார்த்து எழுதவில்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  

எழுந்தேன். "சார், பேரை அடிப்பதற்கு முன்னால் ஒரு கணக்குக் கொடுங்கள். எந்தப் பாடத்திலிருந்து வேண்டுமானாலும் கொடுங்கள். போர்டில் போடுகிறேன். அங்கே எனக்கு முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள்" என்றேன்.

  அவர் சாக்குக்கட்டியை நீட்டினார். இவ்வளவு கொள்ளளவுள்ள ஓர் உருளைத் தகர டின், மூடியோடு. மிகக் குறைந்த தகரத்தில் அதைச் செய்ய வேண்டும் என்றால் உயரத்துக்கும் அகலத்துக்கும் என்ன விகிதம் இருக்க வேண்டும்? இதுதான் கணக்கு.

எது மாறுகிறது, எது மாறாது, எதைக் கேட்கிறார் என்று மெல்லத் தமிழில் முணுமுணுத்தேன். மந்திரம் போடுகிறாள் என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். போட்டேன். வரி வரியாக இறங்கி வந்து, உயரமும் ஆரமும் சமம் என்று முடித்தேன்.  பேனா இன்னும் மாஸ்டர் கையில் இருந்தது. நான் விடையைப் பார்த்தேன். உயரம் ஆரத்தின் அளவுதான் என்றால் அது டின்னா, சாப்பிடும் தட்டா? எங்கேயோ இடிக்கிறது. மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது வரியில் இருந்தது என் பழைய எதிரி. அடித்தகடு ஒன்றை மட்டும் சேர்த்திருந்தேன். மூடியை விட்டுவிட்டேன்.

"தப்பு சார். மூடியை மறந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து கீழே எல்லாவற்றையும் கையாலேயே அழித்தேன். மறுபடி போட்டேன். உயரமும் விட்டமும் சமம். சாக்குக்கட்டியை மேஜையில் வைத்தேன்.

அவர் போர்டை மேலிருந்து கீழாகப் படித்தார். பார்த்து எழுதுகிறவளுக்கு விடை தெரியலாம், தான் எங்கே தவறினாள் என்பது தெரியாது. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பேனாவை மூடினார். நாற்பத்தொன்று நிற்கட்டும், போய் உட்கார் என்றார்.

நான் கதவோரத்தில் என் இடத்துக்குப் போனேன். உட்காரவில்லை.

"என்ன?"

"நான் பார்த்து எழுதவில்லை என்று சொல்லுங்கள் சார். உட்கார்ந்துகொள்கிறேன்."

மார்க்கைக் கொடுத்தாயிற்று, அது போதும் என்றார். "குற்றத்தை எல்லார் காதிலும் விழும்படி சொன்னீர்கள். அது இல்லை என்பதையும் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஒழுங்கு கெட்டவள் என்று அந்தக் காரணத்துக்காகவே பேரை அடிக்கத் தன்னால் முடியும் என்றார். முடியும்தான். தோழி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நான் நின்றேன். அவர் அடுத்த பாடத்தை ஆரம்பித்தார். நோட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே எழுதினேன்.

சாயந்திரம் வீட்டில் சொன்னேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அதான் மார்க்கு குடுத்துட்டாருல்ல. பேரு இருக்குல்ல. உட்கார்ந்து தொலையேம்மா. கோவத்துல பேரை அடிச்சுக் கிடிச்சு வச்சிட்டாருன்னா நான் கெப்பாலா பத்தாஸுக்கு என்ன சொல்வேன்?"

"பேரு இருக்குப்பா. திருடின்னு இருக்கு."

 அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "நிக்கட்டும். கால் வலிச்சா அவளே உட்காருவா" என்றாள். எனக்குப் பரிந்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமையும் நின்றேன். கால் வலித்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பையன்கள் விளக்குக் கம்பம் என்று பேர் வைத்தார்கள். மாஸ்டர் நான் அங்கே இல்லாத மாதிரியே பாடம் நடத்தினார். செவ்வாய்க்கிழமை நான் நின்றதும் பக்கத்தில் பெஞ்சி கிறீச்சிட்டது. தோழியும் எழுந்து நின்றாள். உனக்கு என்னடி வந்தது, உன் பேரும் போய்விடும் என்றேன். "டியாம் லா" என்றாள். சும்மா இரு என்று அர்த்தம்.

மாஸ்டர் ரிஜிஸ்டரைத் திறந்தார். பேர் கூப்பிடவில்லை. சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பினார். எழுதப்போகிறவர் மாதிரி கையைத் தூக்கினார், எழுதவில்லை. போர்டைப் பார்த்தபடியே, அந்தப் புதன்கிழமைத் தாளை அவள் சொந்தமாகத்தான் எழுதினாள், நான் சொன்னது தவறு என்றார். முன்வரிசைக்கே சரியாகக் கேட்டிருக்காது.

"சார், வகுப்பு இந்தப் பக்கம் இருக்கிறது" என்றேன்.

தோழி மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அவர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். திரும்பினார். எல்லாரையும் பார்த்து, சத்தமாக, மறுபடி சொன்னார்.

நான் உட்கார்ந்தேன்.